இளஞ்சோளம் மேய்ந்த மாடு ஏன் விழுகிறது?

கோடை மழைக்குப் பின் மானாவாரிக் காட்டில் அறுத்துவிட்ட சோளக் கட்டைகள் மீண்டும் துளிர்த்து நிற்கின்றன. கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாடு அங்கே அரை வயிறு மேய்கிறது. கால் மணி நேரத்தில் மூச்சு இரைக்கிறது, தள்ளாடி விழுகிறது, காலை உதைத்துக்கொண்டு உயிரை விடுகிறது. பாம்பு தீண்டிவிட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுவர். உண்மையில் மாட்டைக் கொன்றது அந்தத் துளிரில் உண்டான ஹைட்ரோசயனிக் அமிலம். கறவை மாடு ஒன்றை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

இந்த நஞ்சு பயிரில் அப்படியே தங்கியிருப்பதில்லை. சோள இலையின் மேல்தோல் உயிரணுக்களில் 'துரின்' என்ற பொருள் சர்க்கரையுடன் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிளக்கும் நொதி, இலையின் உட்புற உயிரணுக்களில் இருக்கிறது. நொதி என்பது புரதத்தின் ஒரு வகை. மாடு மெல்லும்போது உயிரணுக்கள் நசுங்கி இரண்டும் கலக்கின்றன, நஞ்சு வெளிப்படுகிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் இதே வேலையைச் செய்வதால், ஆடு, மாடு, எருமைகளுக்கே ஆபத்து அதிகம்.

உடலுக்குள் சென்ற சயனைடு என்ன செய்கிறது? ஒவ்வோர் உயிரணுவிலும் பிராணவாயுவைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்க 'சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்' என்ற புரதம் இருக்கிறது. அதன் நடுவில் உள்ள இரும்பில்தான் பிராணவாயு வந்து சேர வேண்டும். சயனைடு மிகச் சிறிய பொருள். ஒரு கரி அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்தது. அது அந்த இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டு ஓடியும் வயல் மடை அடைபட்டுக் கிடந்தால் பயிர் காயத்தானே செய்யும்? அதே கதைதான். இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருக்கிறது, எடுத்துக்கொள்ள வழியில்லை. அதனால்தான் இம்மாடுகளின் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இந்தச் சுவாச நொதியின் தன்மையை ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1931-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஆராய்ச்சியில் சயனைடும் ஒரு கருவியாக இருந்தது.

மருத்துவமும் இந்த வழியிலேயே செல்கிறது. கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டை நரம்பில் செலுத்தும்போது, இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதி மாற்றம் அடைகிறது. மாறிய அந்தப் புரதம் சயனைடைத் தன்பால் இழுத்துக்கொள்ள, அடைபட்ட மடை திறக்கிறது. அடுத்துச் செலுத்தும் சோடியம் தயோசல்பேட்டு கந்தகத்தைக் கொடுக்கிறது. கல்லீரலில் உள்ள 'ரோடனேஸ்' என்ற நொதி அக்கந்தகத்தைச் சயனைடுடன் சேர்த்து, கடுமை குறைந்த பொருளாக்கி, சிறுநீரில் வெளியேற்றுகிறது. நேரத்தில் ஊசி போட்டால் விழுந்த மாடும் எழுந்து நிற்கும். ஆனால் நேரம் மிகக் குறைவு. 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். அருகில் மருத்துவர் இருந்தால் அவரையே முதலில் அழையுங்கள்.

அழைக்கும்போது மாடு எதை மேய்ந்தது என்பதை மறைக்காமல் கூறுங்கள். அடுத்தவர் காட்டில் மேய்ந்தது என்பதற்காகச் சிலர் சொல்லத் தயங்குவதுண்டு. இன்னொன்றும் இருக்கிறது. யூரியா அதிகம் இட்டு வறட்சியில் சிக்கிய சோளத்தில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். அதனால் வரும் நஞ்சில் இரத்தம் காப்பிக்கொட்டை நிறமாகிவிடும். அந்த மாட்டிற்கு நைட்ரைட்டு ஊசி போட்டால் கேடு கூடும். அதற்கு மருந்து மெத்திலீன் நீலம். ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு. ஆகவே கைவைத்தியமோ, கடையில் வாங்கிய ஊசியோ கூடவே கூடாது.

எவ்வளவு தின்றால் ஆபத்து? மாட்டின் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் நஞ்சு உயிரை எடுத்துவிடும். 300 கிலோ மாட்டிற்கு 600 மில்லிகிராம். பசும்பயிரில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் நஞ்சு இருந்தால், பசியோடு வேகமாகத் தின்னும் 3 கிலோவே போதும். ஒரு கைச்சுமை கூட இல்லை!

கோடையில் வேறு பசுந்தீவனம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சோளத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பருவம் பார்த்து அறுக்கவே சொல்கிறோம். முளைத்து 45 நாட்களுக்கு உட்பட்ட பயிரிலும், முழங்கால் உயரம் கூட வராத மறுதாம்பிலும் நஞ்சு மிகுதி. பூக்கும் பருவத்தில் வெகுவாகக் குறையும். கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளம் போட்டவர்கள் முதல் அறுப்பை 65-ஆம் நாளிலும், பின்னர் 50 நாட்களுக்கு ஒரு முறையும் செய்தால் கவலையில்லை. வறட்சியில் வாடி நின்ற பயிர் மழை கண்டு துளிர்த்தால் இரண்டு வாரமாவது மாட்டை உள்ளே விடாதீர்கள். அரைகுறையாக வாடியதை நம்ப வேண்டாம். நன்கு காய்ந்த தட்டையிலும், குழியில் பதப்படுத்திய தீவனத்திலும் நஞ்சு பெருமளவு குறைந்திருக்கும். எந்தப் பசுஞ்சோளம் போடுவதாயினும் முதலில் வைக்கோலைத் தின்ன விட்டுப் பிறகு போடுங்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை: மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் இதே சயனைடு வெளிப்படுகிறது. வெள்ளாட்டுக்கு இலையை அறுத்தவுடன் போடாமல், நன்றாக உலர்த்தி, பிற தீவனத்தோடு கலந்து கொடுக்கவும்.