தாய்ப்பன்றியை அவசரப்பட்டுக் கழிக்கலாமா?



பால்மரமும் செம்பனையும் நம் பிழைப்பு என்றாலும், பன்றிப் பண்ணைகளில் கூலிக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்காக இந்த வாரம் ஒரு விஷயம்.

பன்றிக்கு ஆயுசு பத்து வருஷத்துக்கு மேல். ஆனால் பெரிய பண்ணைகளில் தாய்ப்பன்றி மூன்று, நான்கு வயதிலேயே லோரி ஏறிவிடுகிறது. 100 தாய்ப்பன்றி இருந்தால் வருஷத்துக்கு 40, 50 கழிந்து, அந்த இடத்துக்கு இளம் பெட்டைகள் வருகின்றன. வயசாகிப் போச்சு என்றா கழிக்கிறார்கள்? அப்படிப் போவது கொஞ்சம்தான். சினை பிடிக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். கழிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இதனால்தான். அடுத்தது கால் ஊனம். அதிலும், ஓர் ஈத்து, இரண்டு ஈத்து போட்ட இளசுகளே அதிகம் போகின்றன.

இதில் நஷ்டம் யாருக்கு? ஓர் இளம் பெட்டையை வளர்த்து ஆளாக்கிய செலவு திரும்பி வரவே சுமார் மூன்று ஈத்து ஆகும். அதற்குமுன் போனால் தவுக்கேக்குக் கைக்காசு நட்டம். சொந்தமாக நாலு பன்றி வைத்திருக்கும் குடும்பத்துக்கோ அடிவயிற்றிலேயே அடி.

சினை ஏன் பிடிக்கவில்லை? குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய் நிறையத் தின்ன வேண்டும். வெயில் 25 டிகிரியைத் தாண்டினாலே அது தீனியைக் குறைத்துவிடும். நம் நாட்டிலோ பகலில் 30-க்கு மேல்! தின்னாத தாய் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்து மெலிந்துவிடும். குட்டிகளைப் பிரித்தபின் 4 முதல் 7 நாளில் வரவேண்டிய பருவம் தள்ளிப்போகும். ஆகவே, அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி போடுங்கள். குளிர்ந்த, சுத்தமான தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும். குட்டிகள் நனையாதபடி தாயின் கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழச் செய்வதும் நல்லது.

பல சமயம் பருவம் வந்திருக்கும், நம் கண்ணில்தான் படாது. காலை மாலை இரு வேளையும் ஆண் பன்றியை முகத்துக்கு நேரே காட்டி, முதுகை அழுத்திப் பாருங்கள். அசையாமல் நின்றால் பருவம். பருவம் 21 நாளுக்கொருமுறை சுற்றி வரும். ஒருமுறை தவறவிட்டால் மூன்று வாரத் தீனி வீண். இனம் சேர்த்த பிறகும் 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள்வரை பாருங்கள். தேதியை அட்டையில் எழுதாமல், "இது மலடு" என்று சொல்லிவிடாதீர்கள்.

காலைக் கெடுப்பது பெரும்பாலும் தரை. ஈரச் சிமெண்டு வழுக்கும். உடைந்த சந்தில் குளம்பு மாட்டும். நொண்டுகிற முதல் நாளே சொல்லி, காய்ந்த இடத்துக்கு மாற்றி வைத்தியம் பார்த்தால் பல பிழைக்கும். இளம் பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே நாலு காலையும் பாருங்கள்.

கழிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு, மூன்று தடவை சேர்த்தும் சினை நிற்காதது, ஏழெட்டு ஈத்து தாண்டிச் செத்த குட்டி அதிகம் போடுவது, இவற்றை வைத்திருந்து பயனில்லை. ஆனால் ஊசி போட்ட பன்றியை, மருந்துக்குரிய நாள் கழியாமல் இறைச்சிக்கு அனுப்பக்கூடாது. எழுந்து நிற்க முடியாததை லோரியில் இழுத்து ஏற்றவும் கூடாது.

தீனி போடுவதும், குட்டி பிடிப்பதும், தரை கழுவுவதும் உங்கள் கை. முதலில் பார்ப்பது உங்கள் கண். அட்டையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், பிறகு லோரியைக் கூப்பிடுங்கள்!