காத்திருப்புக் கூடத்து ஜன்னல்களும் மின்கட்டணமும்

புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஏசி போடாமல், ஜன்னல்களைத் திறந்துவைத்து மின்விசிறிகளை மட்டும் ஓடவிட்டிருப்பது ஏன் என்று பலர் எங்களைக் கேட்கின்றனர். “கரண்டு காசை மிச்சம் பிடிக்க நோயாளியை வேர்க்கவிடலாமா?” என்று கோடையில் ஒரு மூதாட்டி நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

மின்கட்டணத்தை நாங்கள் கணக்குப் பார்ப்பது உண்மைதான். ஆனால் ரசீதில் உள்ள தொகை தனியாக எதையும் சொல்வதில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கி வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதே அதன் அளவுகோல். இதில் ஒரு குறை உண்டு: ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் கட்டடமும் சிக்கனமானதாகத் தோன்றிவிடும். இரவு பகலாக இயங்கும் கால் சென்டர் போன்ற கட்டடங்களுக்கு அதே பணியகம் மணிக்கணக்கில் அளப்பது இதனால்தான்.

நம் ஊரில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். பௌர்ணமி இரவில், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடந்து கால் கொப்பளித்தவர்களும் மயங்கியவர்களும் அவசரப் பிரிவை நிறைக்கின்றனர். கார்த்திகை தீபத்தின்போது சொல்லவே வேண்டாம். அம்மாத ரசீதை மற்றொரு மாத ரசீதோடு ஒப்பிட்டு என்ன பயன்?

ஆகவே, மின்சாரம் ஓடிய நேரத்தில் அந்த அறையில் எத்தனை பேர் இருந்தனர் என்று பார்க்கத் தொடங்கினோம். எடுத்துக்காட்டாக, 300 பேர் வந்துபோகும் கூடத்தில் நாளொன்றுக்கு 90 யூனிட் செலவானால் ஆளுக்கு 0.3 யூனிட். ஐந்து பேர் அமரும் அலுவலக அறையில் 30 யூனிட் என்றால் ஆளுக்கு 6 யூனிட். வீண் எங்கே என்பது விளங்கும். வெட்கத்தோடு சொல்கிறோம், அது எங்கள் அலுவலக அறைகளில்தான் இருந்தது. ஆளில்லாத மாலைகளிலும் அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் மிச்சமாகும் மின்சாரத்தில் கூடத்துக்கு ஏசி போடலாமே என்பீர்கள். நுரையீரல் மருத்துவர்களாகிய எங்களுக்கு அங்கேதான் அச்சம். அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐம்பது பேரின் வெப்பத்தை நீக்கவே ஒன்றரை டன் ஏசி வேண்டும். அதைவிட முக்கியமானது காற்று. சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. காசநோய் பரவுவதோ காற்றின் வழியே. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கூடங்களில் ஜன்னல்களைத் திறந்தபோது, இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளைவிடக் காற்று மிக வேகமாக மாறியது தெரியவந்தது.

கூடத்தில் ஒரு கரியமில வாயு அளவியை வைத்துள்ளோம். வெளிக்காற்றில் அவ்வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு; நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. மழைக்காக ஜன்னல்களை அடைத்த ஒரு காலையில் அந்த எண் ஏறிக்கொண்டே போனதைக் கண்டோம். அது எத்தனை பேரின் மூச்சை நாம் பகிர்கிறோம் என்பதன் கணக்கு.

இப்போது அலுவலக ஏசிகள் 24 டிகிரியில், ஆள் இருக்கும்போது மட்டும் ஓடுகின்றன. அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் எதையும் குறைக்கவில்லை. வெப்பம் தாளாத முதியோரும் இதய நோயாளிகளும் செவிலியரிடம் சொன்னால் முன்னதாகவே மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வோம். நோயாளியுடன் ஒருவர் மட்டும் வாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பவர்கள் பதிவு செய்யும் இடத்திலேயே தெரிவித்து, முகக்கவசம் பெற்று, வெளித் தாழ்வாரத்தில் அமரலாம். உங்கள் பெயரை அங்கே வந்து அழைப்போம்.