பயற்றினங்களின் அளவும் நிறையும்

நெல்லையும் மரக்கறியையும் செய்கை பண்ணும் கமக்காரர் பலர், வயல் அறுவடைக்குப் பின் பயறு, கௌபி முதலியவற்றையும் விதைக்கின்றனர். வீட்டிலும் களத்திலும் இவை சுண்டாலும் கொத்தாலும் அளக்கப்படுகின்றன. சந்தையிலோ கிலோகிராமில் நிறுக்கப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறையை அறியாதவர் விற்பனையில் நட்டமடைவர். சமையலில் குறைவோ விரயமோ காண்பர்.

நெல்லின் கணக்குப் பயற்றுக்குப் பொருந்தாது

4 சுண்டு 1 கொத்தாகும்; 32 கொத்து 1 புசலாகும். புசல் என்பது கொள்ளளவேயன்றி நிறையன்று. 1 புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோகிராம் நிறையுடையது. உமியும் இடைவெளியும் மிகுந்திருத்தலால் நெல் பாரங் குறைந்தது. பயறு நெருங்கி அடைவதால் அதே புசல் கூடிய நிறை காட்டும். நன்கு உலர்ந்து துப்புரவாக்கப்பட்ட தானியத்தைத் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

நெல்: 1 சுண்டு 165 கிராம், 1 புசல் 21 கிலோகிராம்.
கௌபி: 1 சுண்டு 215 கிராம்; 1 புசல் 27½ கிலோகிராம்.
பயறு: 1 சுண்டு 225 கிராம், 1 புசல் 29 கிலோகிராம்.

நெல்லின் கணக்கை நம்பி 1 புசல் பயற்றை 21 கிலோகிராமுக்குரிய விலைக்குக் கொடுப்பவர் 8 கிலோகிராமை விலையின்றிக் கொடுத்தவராவார். 10 புசலுக்கு இந்நட்டம் 80 கிலோகிராமாகும்.

அளவு பிழைபடுங் காரணங்கள்

1. குவித்தளத்தல். பாற்பேணியளவான சிறு பாத்திரத்தைக் குவித்து அளந்தால் ஏறத்தாழ 10 இல் 1 பங்கு மிகும். எனவே தலைதட்டியே அளத்தல் வேண்டும்.

2. ஈரப்பதன். நூற்றுக்கு 18 பங்கு ஈரப்பதனுள்ள 100 கிலோகிராம் பயறு, 12 பங்காக உலர்ந்ததும் ஏறத்தாழ 93 கிலோகிராமாகும். ஆகவே உலர்த்திய பின்னரே கணக்கிடல் வேண்டும்.

3. இனமும் பருமனும். பெரிய மணிகளுக்கிடையே காற்றிடம் வேறுபடுவதால் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே சோதித்தல் நன்று.

4. பாத்திரம். பேணிகள் யாவும் ஒரே அளவின அல்ல.

சொந்தப் பேணியைச் சோதிக்கும் முறை

பேணியில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, அத்தண்ணீரை நிறுக்கவும். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோகிராம் ஆதலால், தண்ணீரின் நிறை 284 கிராமாயின் அப்பேணி சரியான சுண்டாகும். அடுத்து, தலைதட்டிய 10 பேணி பயற்றை ஒன்றாக நிறுத்து, அந்நிறையை 10 ஆற் பிரிக்கவும். கிடைக்கும் எண்ணைப் பேணியின் வெளிப்புறத்தில் எழுதி வைத்தால் வீட்டார் யாவர்க்கும் பயன்படும்.

சமையலுக்கான கணக்கு

உலர்ந்த பயறு இரவு முழுதும் ஊறியபின் ஏறத்தாழ இருமடங்கு நிறையாகும். அவிந்தபின் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். ஆகவே ஊறிய பயறு 1 கிலோகிராம் வேண்டுமெனின், உலர்ந்த பயறு அரைக் கிலோகிராம், அதாவது 2 சுண்டுக்குச் சற்று அதிகமாக ஊறவைத்தாற் போதும்.

உதாரணமாக, சிரமதான வேலைக்கு வரும் 50 பேருக்கு அவித்த பயறு கொடுக்க எண்ணின், ஒருவருக்கு உலர்ந்த பயறு 50 கிராம் வீதம் 2500 கிராம் தேவை. இதனை 225 ஆற் பிரித்தால் 11 சுண்டு வரும். ஊறியபின் இது 5 கிலோகிராமாகும். தண்ணீரும் கொதிக்க இடம் வேண்டுமாதலால் 15 லீற்றர் கொள்ளும் பானையைத் தெரிதல் தகும். நெடுநாள் வெப்பமான இடத்திற் கிடந்த பயறு குறைவாகவே ஊறும். அவிய அதிக நேரமும் விறகும் செல்லும்.

விற்குமுன் நிறுத்தலும், சமைக்குமுன் கணக்கிடலும் கமக்காரரின் உழைப்பிற்குரிய பயனைக் காக்கும்.