ஒரே புகை, இரண்டு எண்கள்

2019 செப்டம்பரில் ஒரு காலை. ஜோகூர் பாருவில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் அடுக்குமாடி மங்கலாகத்தான் தெரிந்தது. “என்னங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலாமா?” என்று மனைவி கேட்டார். மகளுக்கு ஆஸ்துமா.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவன் நான். இரு நாட்டுக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடும் கைப்பேசியில் வரும். மலேசியக் கணக்கில் ‘மிதம்’. சிங்கப்பூர்க் கணக்கில் ‘ஆரோக்கியமற்றது’. நடுவில் இருப்பதோ ஒரு கிலோமீட்டர்க் கடற்பாலம். எனக்கு வசதியான எண்ணை நம்பினேன். மதியம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 நுண்துகளை இரு நாடுகளுமே அளக்கின்றன. சிங்கப்பூர் 2014இலும் மலேசியா 2018இலும் அதைக் குறியீட்டில் சேர்த்தன. ஆனால், எத்தனை மைக்ரோகிராமுக்கு எந்த எண் என்ற அட்டவணை இரண்டுக்கும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 55 மைக்ரோகிராமைத் தாண்டினால் குறியீடு 100ஐத் தாண்டிவிடும்.

இத்தனைக்கும் ஆசியான் நாடுகளிடம் பொதுத் தரவு இல்லாமல் இல்லை. 1993இல் தொடங்கிய ஆசியான் சிறப்பு வானிலை மையம் சிங்கப்பூரில் இருக்கிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் எங்கே தீ, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அதன் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். மேகமோ அடர்புகையோ மறைத்தால் செயற்கைக்கோளுக்குத் தீ தெரியாது. சதுப்பு நிலக் கரிமண் தரைக்கடியில் புகைந்தாலும் தப்பிவிடும். அந்தக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தீ எரிகிற நிலம் யாருடையது என்பது அந்தப் படத்தில் இல்லை.

2013 ஜூனில் சிங்கப்பூரில் குறியீடு 401ஐத் தொட்டது. மூவாரில் 746, அங்கே அவசரகாலமே அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆசியான் தலைவர்கள் கூட்டுப் புகைமூட்டக் கண்காணிப்பு முறையை ஏற்றார்கள். தீப்புள்ளிகளை நில வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். ஆனால் வரைபடங்களைப் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. தேவைப்படும்போது ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்திடம் தரும், அவ்வளவுதான். 2014இல் சிங்கப்பூர், வெளிநாட்டில் தீ மூட்டிப் புகை அனுப்பும் நிறுவனங்களையும் தண்டிக்கச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் யாருடையது என்று தெரியாமல் யார்மீது வழக்குப் போடுவது?

நான் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். எந்த பிளாக்கில் எத்தனை நிரை என்று எங்கள் மண்டோருக்கு மனப்பாடம். எல்லை தெரியாத கம்பெனி இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்தோனேசியாவில் அமைச்சுக்கு ஒரு வரைபடம் இருந்து, ஒன்றோடொன்று முட்டியது உண்மை. அதைச் சீராக்கத்தான் 2016இல் ‘ஒரே வரைபடம்’ கொள்கையைச் சட்டமாக்கினார்கள். சிறு விவசாயிகளின் நிலத்தில் குழப்பம் இருக்கலாம். பெரிய தோட்டங்களுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

இப்போது குறியீட்டை நம்பி நான் முடிவெடுப்பதில்லை. சிங்கப்பூர் மணிக்கொரு முறை பிஎம் 2.5 அளவை மைக்ரோகிராமிலேயே வெளியிடுகிறது. அதில் வடக்கு வட்டாரம்தான் எங்கள் வீட்டுக்குப் பக்கம். காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொல்கிறேன். மகளின் பள்ளிப் பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கிறது.