உப்பும் சுங்கமும்: புதுச்சேரி எல்லையில் வணிக உடன்படிக்கைகள்

புதுச்சேரியின் இணைப்பு வரலாறு பெரும்பாலும் விடுதலை இயக்கத்தின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கு நெடுங்காலம் முன்பே, அண்டை ஆட்சியாளருடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைகள் பிரெஞ்சு இறையாண்மையை உள்ளீடற்றதாக்கத் தொடங்கிவிட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட குடியிருப்புகளைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. கோட்டை கட்டலாகாது, காவலுக்கு வேண்டியதற்கு மேல் படை வைக்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். ஆயினும் மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டது 1815 மார்ச் 7இல் இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தமே. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமையை அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகையாக அளித்தது. ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்குக் கிடைத்தது. 1818இல் உப்பு விளைவிப்பதையே நிறுத்தப் பிரெஞ்சு அரசு இசைந்தது. அதற்கான இழப்பீடு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன். கம்பெனியின் உப்பு ஏகபோகத்துக்குள் வேற்று உப்பு நுழையலாகாது என்பதே இதன் உள்நோக்கம். கடலை வாசலில் வைத்துக்கொண்டு உப்புக்கு அண்டை அரசை எதிர்பார்க்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

புதுச்சேரி ஒரே நிலப்பரப்பன்று. அதன் ஊர்கள் தென்னார்க்காட்டு ஊர்களோடு விரவிக் கிடந்தன. இத்தகைய எல்லையில் சுங்கம் வாங்குவது இரு அரசுகளுக்கும் ஓயாத் தொல்லை. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றிய உடன்படிக்கை, பிரித்தானிய இந்தியாவின் சுங்க முறையைப் பிரெஞ்சிந்தியாவுக்கும் விரித்தது. அரசியல் எல்லை நீடிக்க, பொருளியல் எல்லை மறைந்தது. 1949இல் விடுதலை பெற்ற இந்தியா அவ்வொன்றியத்தை முடித்துக்கொண்டதும் எல்லையில் மீண்டும் சுங்கத் தடைகள் எழுந்தன, கடத்தல் பெருகியது. இணைப்புக் கோரிக்கைக்கு இந்நெருக்கடி அளித்த வலுவை ஆய்வாளர்கள் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாம் விதி, இப்பகுதியின் தனி நிருவாக நிலையைக் காத்தது. அரசமைப்பு மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்றது. அண்டை மாநிலங்களோடு புதுச்சேரியை இணைக்கும் கருத்துக்கு எதிராக 1979இல் மூண்ட கிளர்ச்சியை இவ்விதியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.