முனியைத் தாண்டிய காஞ்சனா

இரண்டாம் வருகை – 9

2007 மார்ச்சில் ‘முனி’ வந்தது. 2011 ஜூலையில் ‘முனி 2: காஞ்சனா’ வந்தது. மூன்றாவது படத்துக்கு முதலில் ‘முனி 3: கங்கா’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் தியேட்டருக்கு வரும்போது அது ‘காஞ்சனா 2’ ஆகிவிட்டது. 2019-இல் ‘காஞ்சனா 3’. மொத்தம் நாலு படம். கடைசிப் படத்தின் எண்ணோ மூன்று. நடுவில் காணாமல் போனவர், முதல் படத்தின் ஆவியான முனியாண்டி. தாய்ப்படத்தின் இடத்தை இரண்டாம் பாகத்தின் பெயர் எடுத்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து தமிழில் வேறெங்கும் நடக்கவில்லை.

செத்தவர் திரும்பி வந்து பழிவாங்கும் படங்களுக்கு இரண்டாம் பாகம் எடுப்பது மிகவும் கஷ்டம். பழி தீர்ந்த பிறகு ஆவிக்கு வேலை கிடையாது. கதை முடிந்த இடத்தில் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அதனால்தான் இந்த வகைத் தொடர்ச்சிகளில் பெரும்பாலானவை அதே பேயை எழுப்பி, அதே வேலையை இன்னொரு முறை செய்யச் சொல்கின்றன. இந்தப் படங்களை இயக்கி நடித்த ராகவா லாரன்ஸ் அப்படிச் செய்யவில்லை. பேயை மாற்றினார், பேய்க்கு இடம் கொடுக்கும் பயந்தாங்கொள்ளியை மட்டும் வைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டான், ராத்திரி பாத்ரூம் போகக்கூடத் துணைக்கு ஆள் வேண்டும், சத்தம் கேட்டால் அம்மாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வான். முனியில் கணேஷ், காஞ்சனாவில் ராகவா. பெயர்தான் வேறு, ஆள் ஒன்றுதான். கோவை சரளா இரண்டிலும் அம்மா.

முனி மோசமான படம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெலுங்கில் படம் இயக்கிவிட்டு வந்த லாரன்ஸ் தமிழில் இயக்கிய முதல் படம் அது. முனியாண்டி, குப்பத்து மக்களின் தலைவர். வீடு கட்டித் தருகிறேன் என்று தண்டபாணி கொடுத்த வாக்கை நம்பி அவனுக்காக ஓட்டு சேகரிக்கிறார். ஜெயித்தவன் வாக்கை மீறுகிறான். கேட்கப் போன முனியாண்டியைக் கொல்கிறான். கொன்றதோடு விடாமல், அவர் மக்களை ஏமாற்றிவிட்டார் என்று பழியையும் போடுகிறான். ஆக முனியாண்டிக்கு உயிரும் போச்சு, மானமும் போச்சு. ராஜ்கிரணின் முகத்துக்கும் குரலுக்கும் அந்தப் பாத்திரம் அப்படியே பொருந்தியது. ‘தவமாய் தவமிருந்து’ வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம்; அவர் நல்லவர் என்று நம்ப வைக்கப் படம் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதை நமக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் காஞ்சனா செய்த காரியம் புரியும். நெல்லை, குமரி மாவட்டங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்குப் பீடம் உண்டு. வருடம் ஒருமுறை கொடை நடக்கும். வில்லுப்பாட்டில் அவர்கள் பிறந்தது, வளர்ந்தது, யாரால் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பது வரை முழுக் கதையும் ஊருக்கு முன்னால் பாடப்படும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். நடந்த அநியாயத்தை ஊர் கேட்ட பிறகே தெய்வம் இறங்குகிறது. கேட்பதற்கு ஆள் இருப்பது அந்தச் சடங்கின் உயிர்நாடி. திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதையிலும் ஊர்ச் சபை உண்டு. முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வரும்போது, நீலி அவன் மனைவி வடிவில் வந்து எழுபது வேளாளர்கள் கூடிய சபையில் வழக்கு வைக்கிறாள். அவர்கள் அவள் சொல்லை நம்பி அவனுக்குப் பிணை நிற்கிறார்கள். அவன் சாகிறான், கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பேயின் பழி ஒருவனோடு முடிவதில்லை. கேட்டவர்களையும் அது பிடித்துக்கொள்கிறது.

லாரன்ஸ் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். அருள் முதலில், கதை பிறகு. இடைவேளை வரைக்கும் உடம்பில் யாரோ இருக்கிறார்கள், யாரென்று தெரியாது. அப்புறம்தான் அந்த ஆள் வாய்திறந்து தன் கதையைச் சொல்கிறார். முனியும் இப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. ஆனால் முனியில் இந்தத் திருப்பத்துக்குப் பெரிய பலன் இல்லை. பயந்த ஆம்பிளையின் உடம்பில் தைரியமான ஆம்பிளை வருகிறார். நடை மாறுகிறது, குரல் கட்டையாகிறது, அவ்வளவுதான். நாம் சிரித்ததற்கும் பின்னால் கேட்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை. பழி முழுவதும் தண்டபாணி மேல். பார்க்கிற நமக்கு அதில் பங்கு கிடையாது.

காஞ்சனாவில் உண்டு.

ராகவா கிரிக்கெட் விளையாடப் போன காலி மனையில் ஸ்டம்ப் அடிக்கிறான். கீழே புதைந்து கிடப்பவர்களின் ரத்தம் அதில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பிறகு அவன் மஞ்சள் பூசுகிறான், வளையல் போடுகிறான், புடவை கட்டுகிறான். அம்மா கோவை சரளாவும், அண்ணி தேவதர்ஷினியும், அண்ணன் ஸ்ரீமனும் திகைத்து நிற்கிறார்கள். தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. லாரன்ஸ் நடனத்திலிருந்து வந்தவர். மணிக்கட்டு மடங்குவதிலும் இடுப்பு ஒடிவதிலும் சிரிப்பு வாங்க அவருக்குத் தெரியும். பல வருடங்களாகத் தமிழ்ப் படங்கள் திருநங்கைகளைக் காட்டி வாங்கிய அதே சிரிப்பு அது. இடைவேளைக்குப் பிறகு சரத்குமார் வருகிறார். காஞ்சனா வருகிறாள். நாம் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதற்காகவே பெற்ற அப்பாவால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள்.

அந்தக் கணத்தில் முதல் பாதியின் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. முனியால் செய்ய முடியாதது இது. அவளைக் கொன்ற எம்.எல்.ஏ. சங்கர் ஒரு குற்றவாளி என்றால், காஞ்சனாவின் நடையைப் பார்த்துச் சிரித்த அரங்கமும் பழையனூர் சபை மாதிரி வழக்குக்குள் இழுக்கப்படுகிறது.

சரத்குமார் திரையில் இருப்பது கொஞ்ச நேரம். சிவப்புப் புடவை, நெற்றி நிறையப் பொட்டு, எதையும் மறைக்காத அந்தப் பெரிய உடம்பு. குரலை மெலிதாக்கி இழுக்கவில்லை, கையை ஆட்டவில்லை. தன்னைச் சேர்த்துக்கொண்ட இஸ்லாமியப் பெரியவரையும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனையும் பார்க்கும் பார்வையில் குடும்பம் கிடைத்தவளின் நிம்மதி தெரிகிறது. தன்னைப் போலவே துரத்தப்பட்ட கீதாவை டாக்டராக்க உழைக்கிறாள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட மனை வாங்குகிறாள். அந்த மனைக்காகத்தான் அவளும் பெரியவரும் அவர் மகனும் கொல்லப்பட்டு அங்கேயே புதைக்கப்படுகிறார்கள். ‘நாட்டாமை’, ‘சூர்யவம்சம்’ என்று மீசையும் வேட்டியுமாக மதிக்கப்பட்ட நடிகர் அவர். 2011 மே மாதம்தான் தென்காசியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். இரண்டு மாதம் கழித்து, ஓர் எம்.எல்.ஏ.வால் கொல்லப்பட்ட திருநங்கையாகத் திரையில் நின்றார். அப்போது கட்சி நடத்திய ஒருவர் தன் பிம்பத்தைப் பணயம் வைத்து எடுத்த முடிவு அது. அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைந்தது 2008-இல். உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது 2014-இல். இரண்டுக்கும் நடுவில் வந்த படம் காஞ்சனா. சட்டம் பேசும் மொழி தெரியாத, குழந்தை குட்டியோடு பேய்ப் படம் பார்க்கப் போன லட்சக்கணக்கான பேரிடம் அது போய்ச் சேர்ந்தது.

குறைகளும் உண்டு, மூடி மறைக்க மாட்டேன். நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு வெட்கப்பட வைப்பது பெரிய உத்தி. ஆனால் வெட்கப்படாமல் சிரித்துவிட்டு மட்டும் போனவர்களை அந்தப் படம் தடுக்கவில்லை. ராகவா புடவை கட்டிய காட்சிகள் இன்றைக்கும் தொலைக்காட்சியில் காமெடித் துண்டுகளாகத் தனியே ஓடுகின்றன. காஞ்சனாவின் கதை இல்லாமல் அவை ஓடும்போது பழைய கேலிதான் மிஞ்சுகிறது. இன்னொன்று, அதே 2011-இல் ‘நர்த்தகி’ வந்தது. அதில் திருநங்கையாக நடித்தவர் திருநங்கையான கல்கி சுப்ரமணியம். பார்த்தவர்கள் குறைவு. காஞ்சனாவாக ஒரு திருநங்கை நடித்திருந்தால் இந்தப் படம் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்ற கேள்விக்கு, அன்றைய தமிழ்நாட்டை வைத்துப் பார்த்தால் போயிருக்காது என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பதில் படத்தைவிட நம்மைத்தான் அதிகம் குற்றம் சாட்டுகிறது.

முனி, காஞ்சனா இரண்டிலும் ஆவி, உடம்பைப் பிடுங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. கதையைக் கேட்ட பிறகு நாயகன் தானே சம்மதித்து இடம் கொடுக்கிறான். முனியில் இது நல்ல மனசு. காஞ்சனாவில் அதற்கும் மேலே. இருட்டுக்குப் பயந்தவன், ‘ஆம்பிளையா நீ’ என்று வீட்டிலேயே கிண்டல் கேட்டவன், ஒரு திருநங்கைக்குத் தன் உடம்பை மனசறிந்து கொடுக்கிறான். அவளால்தான் அவனுக்குத் தைரியமே வருகிறது.

அப்புறம் அந்தக் கோயில் காட்சி. சங்கர் உயிர் தப்பக் கோயிலுக்குள் ஓடிவிடுகிறான். பேய் உள்ளே போக முடியாது. வாசலில் நிற்கிறாள் காஞ்சனா. வீட்டு வாசலிலிருந்து துரத்தப்பட்டவள் இப்போது தெய்வத்தின் வாசலில் நிறுத்தப்படுகிறாள். கொன்றவன் உள்ளே பத்திரமாக இருக்கிறான். அவள் வாசலை உடைக்கவில்லை. சாமியிடம் நியாயம் கேட்கிறாள். கதறுகிறாள், சண்டை போடுகிறாள், எனக்கு நடந்தது உனக்குத் தெரியாதா என்ற அர்த்தத்தில் மன்றாடுகிறாள். வழி விடப்படுகிறது. முனியின் உச்சக்கட்டத்தில் வில்லனுக்கு அடி விழுகிறது. இங்கே அடிக்கு முன்னால் வழக்கு நடக்கிறது. அதில் அவள் ஜெயிக்கிறாள். கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்ததில் ஆச்சரியமே இல்லை.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘காஞ்சனா 2’-இல் நித்யா மேனனின் கங்கா மனதில் நிற்கிறாள். டாப்ஸிக்கு ஆவி வரும் காட்சிகளிலும் வேகம் இருக்கிறது. ஆனால் அதில் செத்துப்போன மொட்டை சிவாவும் லாரன்ஸ்தான். ‘காஞ்சனா 3’-இல் காளியும் லாரன்ஸ்தான். முதல் இரண்டு படங்களில் ராஜ்கிரணும் சரத்குமாரும் உட்கார்ந்த இடத்தில் நாயகனே வந்து உட்கார்ந்துகொண்டார். தனக்குள் தானே இறங்கினால் அது இரட்டை வேடம். அங்கே இடம் கொடுக்க வேண்டிய இன்னொரு மனிதர் இல்லை. பணம் வசூலானது. வழக்கு வலுவிழந்தது. 2020-இல் அக்ஷய் குமாரை வைத்து லாரன்ஸே இந்தியில் எடுத்த ‘லக்ஷ்மி’யிலும், கொஞ்ச நேரமே வந்த சரத் கேல்கரின் பகுதிதான் பேசப்பட்டது. கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முனி நல்ல படம், காஞ்சனா முக்கியமான படம். அதற்குப் பிறகு வந்த இரண்டும் காஞ்சனாவின் பெயரை வாங்கிக்கொண்டன; அவளை வாங்கிக்கொள்ளவில்லை. முனியைப் பார்க்காதவர்கள் முதலில் அதைப் பாருங்கள், பிறகு காஞ்சனாவை முழுதாக, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். காமெடித் துண்டுகளை மட்டும் பார்த்திருந்தால் நீங்கள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம்: இதே லாரன்ஸ் நடித்து, 2023-இல் வந்த ‘சந்திரமுகி 2’. முதல் பாகத்தில் பேயே இல்லை. இரண்டாம் பாகத்தில் நிஜமாகவே பேய் வந்தது. அதுதான் அதன் சிக்கல்.

(தொடரும்)