நடப்பதற்கு முன் உட்காரப் பழக வேண்டும்

பக்கவாதத்திற்குப் பின் உடலின் சமநிலையை மீட்கும் பயிற்சி

"அப்பா மறுபடியும் எப்போது நடப்பார்?" பக்கவாதத்தால் படுத்தவரின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிசியோதெரபி நிபுணர் முதலில் பார்ப்பதோ வேறு ஒன்றை. நோயாளி பிடிமானமின்றிக் கட்டில் ஓரத்தில் உட்கார முடிகிறதா என்று பார்க்கிறார். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நடையின் அஸ்திவாரம் அதில்தான் இருக்கிறது.

நடுவுடல் என்பது என்ன?

தோளுக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை உள்ள பகுதியே நடுவுடல். முதுகு, வயிறு, விலா, இடுப்புத் தசைகள் இதில் அடங்கும். பால்மரம் சீவியவர்களுக்கு இதன் அருமை தெரியும். குனிந்து, திரும்பி, மரத்தைச் சுற்றிக் கத்தியை இழுக்கும்போது கை மட்டுமா வேலை செய்கிறது? இடுப்பும் முதுகும் உடலை நிலையாகத் தாங்கினால்தான் கை சரியாக ஓடும். செம்பனைக் குலை வெட்ட நீண்ட கம்பை நிமிர்த்திப் பிடிப்பவருக்கும் அப்படியே.

கை, கால்களைப் போலன்றி நடுவுடலின் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் அவை முழுவதும் செயலிழப்பது குறைவு. ஆனால் வலு குறைகிறது; தேவையான நேரத்தில் இறுக்கம் கொடுக்கத் தாமதமாகிறது. நோயாளி ஒரு பக்கம் சரிவதும், கையை நீட்டினால் தடுமாறுவதும் இதனால்தான். கைகால் பலவீனம் உடனே கண்ணில் படும். நடுவுடலின் பலவீனத்தைப் பலர் கவனிப்பதில்லை.

உட்காருவது ஏன் அவ்வளவு முக்கியம்?

நெதர்லாந்தில் நடந்து 2011ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பக்கவாதம் வந்த 72 மணி நேரத்திற்குள் பிடிமானமின்றி 30 விநாடி உட்கார முடிந்து, பாதிக்கப்பட்ட காலைச் சிறிதாவது அசைக்க முடிந்தவர்களுக்கு, 6 மாதத்தில் தாமாக நடக்கும் வாய்ப்பு சுமார் 98 விழுக்காடு. இவ்விரண்டும் இயலாதவர்களுக்கு அது சுமார் 27 விழுக்காடுதான். இயலாதவர்களுக்கு வழியே இல்லை என்பது இதன் பொருளல்ல. உட்காரும் பயிற்சியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதே பாடம்.

நடுவுடல் பயிற்சி பற்றி 2023ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 68 சோதனைகளைப் பரிசீலித்தது. இப்பயிற்சியால் உட்காரும் திறன் மட்டுமின்றி நின்று சமாளிக்கும் திறனும் நடையும் மேம்படுவதாக அது காட்டுகிறது.

அதற்காக அவசரப்படவும் கூடாது. மலேசியாவும் பங்கேற்ற ஐந்து நாடுகளின் ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. அதில் 2,104 நோயாளிகள் இடம்பெற்றனர். முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பித் தீவிரப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு, வழக்கமான பராமரிப்பைவிட நல்ல பலன் குறைவாகவே கிடைத்தது. ஆகவே எப்போது எழுப்பலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நிபுணர் பார்த்து அனுமதித்த பிறகு:

* கெட்டியான கட்டில் அல்லது நாற்காலியில், இரு பாதமும் தரையில் முழுமையாகப் படியும்படி உட்கார வைக்க வேண்டும். மெத்தென்ற சோபா உதவாது.
* எடை இரு பிட்டங்களிலும் சமமாக இருக்க வேண்டும். பிறகு மெதுவாக வலமும் இடமும் எடையை மாற்றிப் பழக வேண்டும்.
* ஒரு குவளையையோ துண்டையோ கைக்கு எட்டும் தூரத்திற்குச் சற்று அப்பால் வைத்து, எட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். முதலில் முன்பக்கம், பிறகு பக்கவாட்டில்.
* மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்கலாம். மூச்சை அடக்கக் கூடாது.
* எழும்போது பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னால் குனிந்து எழ வேண்டும்.

உதவுபவர் பாதிக்கப்பட்ட பக்கத்தில் இருப்பது நல்லது. மயக்கம், நெஞ்சுவலி, புதிய பலவீனம் தோன்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

குடும்பத்தார் செய்யும் தவறுகள்

பாசத்தால் சில தவறுகள் நடக்கின்றன. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது அவற்றில் ஒன்று. தளர்ந்த தோள்மூட்டு இதனால் இறங்கி, தீராத வலியைத் தரும். எல்லாவற்றையும் தாமே செய்து கொடுப்பது மற்றொன்று. தண்ணீர்க் குவளையை எட்டி எடுக்க விடாமல் வாயருகே நீட்டினால், நோயாளி ஒரு பயிற்சியை இழக்கிறார்.

சிலர் நல்ல கையால் உந்தி, பலவீனமான பக்கமே சாய்வார்கள். அவர்கள் அடம்பிடிக்கவில்லை. நேராக இருப்பது எது என்பதை மூளை தவறாகக் கணிக்கிறது. எதிர்த்துத் தள்ளினால் இன்னும் உந்துவார்கள். கதவுநிலை, சுவரோரம் போன்ற நேர்கோடுகளைக் காட்டி, தாமே நிமிரச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவுவது இதமாக இருக்கலாம். ஆனால் சமநிலை நோயாளி தானே முயன்று, தானே திருத்திக்கொள்ளும்போது திரும்பி வருவது. பிறர் உருவிக் கொடுத்துப் பெறக்கூடியதல்ல.

எங்கே செல்லலாம்?

டுரியான் துங்கால் வட்டாரத்தார் மலாக்கா மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவை நாடலாம். சொக்சோ சந்தா செலுத்திய தொழிலாளர்களுக்கு மலாக்கா மாநிலத்திலேயே, பெம்பானில், துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2014 முதல் அது செயல்படுகிறது. தகுதி உண்டா என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டறிவது பயன் தரும். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996ல் தொடங்கிய நாசாம் என்னும் தேசியப் பக்கவாதச் சங்கமும் பல மாநிலங்களில் மையங்களை நடத்தி வருகிறது.

மூன்று மாதம் கடந்துவிட்டதே என்று பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருக்கும். அதன் பிறகும் பயிற்சியால் பலன் உண்டு. இன்று பத்து விநாடி, அடுத்த வாரம் அரை நிமிடம் என உட்காரும் நேரத்தைக் குறித்து வைத்தால் வீட்டாருக்கும் நோயாளிக்கும் முன்னேற்றம் தெரியும்; நம்பிக்கையும் வளரும்.